‘ஒமினஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்

போர் மூளும் நிலையில் உள்ள ஒரு நகரத்தைப் பற்றி எழுதும் ஆங்கிலச் செய்தியாளர், அங்கே ‘ஒமினஸ்’ ஆன அமைதி நிலவுகின்றது என்பார். அதனைத் தமிழில் தருபவர் அகராதியைப் புரட்டுகின்றார். ‘தீநிமித்தமான’, ‘அபசகுனமான’ என்னும் பொருள்களைக் காண்கின்றார். ‘அபசகுனமான அமைதி’ என்று எழுதிவிடுகின்றார். கேட்பவர்க்குப் பூனை குறுக்கே சென்றது நினைவுக்கு வருமேயன்றிப் பீரங்கி நினைவுக்கு வாராது. அதனினும் பெரிய பிழை, சகுனத்தில் நம்பிக்கையில்லாத செய்தியாளர்மீது அந்நம்பிக்கையை ஏற்றிவிடுவது.

இச்சொல்லின் வேர் ‘ஓமென்’ என்னும் இலத்தீன் பெயர்ச்சொல். நிமித்தம் என்பது அதன் பொருள். பறவை, மின்னல் முதலியவற்றால் அறிவன ஒருபுறம் இருக்க, பிறர் தம் போக்கில் பேசிய சொல் தற்செயலாகக் காதில் விழுந்து வருவதுரைப்பதையே உரோமர் சிறப்பாக ஓமென் என்றனர். கிராசஸ் என்னும் தளபதி பார்த்தியர்மேல் படையெடுத்துப் புருந்தீசியம் துறைமுகத்திற் கப்பலேற இருந்தபோது, கௌனஸ் என்னும் ஊரின் அத்திப்பழம் விற்றவன் ஒருவன் ‘கௌனேயாஸ்’ என்று கூவினான். விரைந்து சொன்னால் அது ‘போகாதே, எச்சரிக்கை’ என்னும் இலத்தீன் தொடர்போல ஒலிக்கும். கிராசஸ் போனார்; கி.மு. 53 இல் கர்ரே என்னுமிடத்திற் படையோடு அழிந்தார்.

ஆயினும் ஓமென் எப்போதும் தீயதன்று. கி.மு. 168 இல் மசிடோனிய மன்னன் பெர்சியஸ்மேற் போர்தொடுக்கும் பொறுப்பைப் பெற்று வீடு திரும்பிய எமிலியஸ் பவுலஸ், தம் சிறுமகள் வாடியிருக்கக் கண்டு காரணம் வினவினார். ‘பெர்சா இறந்துவிட்டது’ என்றாள் அவள். பெர்சா அவளுடைய நாய்க்குட்டி. குழந்தையை அணைத்துக்கொண்டு, அச்சொல்லை நன்னிமித்தமாக ஏற்றார் தந்தை. அவ்வாண்டிலேயே பித்னாவில் வெற்றியும் கிடைத்தது. இரு கதைகளையும் எழுதிவைத்த சிசரோ, இவற்றையெல்லாம் பொருட்படுத்தினால் கால் இடறுவதையும் செருப்பு வார் அறுவதையும் தும்மலையும் கூடக் கவனிக்க வேண்டிவரும் என்று அந்நூலிலேயே நகைத்தார். தும்மலுக்கு அஞ்சி வாசலில் நின்றவர்கள் உரோமாபுரியில் மட்டுமா இருந்தார்கள்?

பண்டைத் தமிழர் இதனை ‘விரிச்சி’ என்றனர். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, ஊர்ப்புறத்தே காத்து நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றுக்கு, உன் தாய் இப்போதே வந்துவிடுவாள் என்று ஆய்மகள் ஒருத்தி ஆறுதல் சொல்வது அவர்கள் செவியில் விழுகின்றது. போர்மேற் சென்ற தலைவனும் அவ்வாறே மீள்வான் எனத் துணிகின்றனர். அத்திப்பழக்காரனைப் போலவே அவளும் தன் சொல்லின் பயனை அறியாள். விரிச்சி கேட்டலை ‘நற்சொல் கேட்டல்’ என்றே உரையாசிரியர் விளக்குவர். தமிழிலே அச்சொல் நன்மைப் பக்கம் சாய்ந்தது.

ஆங்கிலப் பெயரடையோ தீமைப் பக்கம் சாய்ந்தது. ஓமென் என்னும் பெயர்ச்சொல்லுக்கு இன்றும் நல்லது, தீயது என்னும் அடைகள் இரண்டும் பொருந்தும். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்த ‘ஒமினஸ்’ இன்று தீமைக்கே உரியது. இலத்தீனிலேயே அச்சாய்வு தொடங்கிவிட்டது. இன்று அச்சொல்லிற் சகுனம் மறைந்து, வரப்போகும் கேட்டின் அறிகுறி என்பதே எஞ்சியுள்ளது. கருமுகில், பாலத்தின் விரிசல், நோயாளியின் இருமல் ஆகியவற்றை அவ்வாறு கூறுவதில் மூடநம்பிக்கை ஏதுமில்லை. காரணகாரியத் தொடர்பே உண்டு. ஆகவே தமிழில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல், ‘கேடு வருவதை உணர்த்தும்’ என விரித்துரைத்தல் தகும். அமைதிக்கானால் ‘புயலுக்கு முந்திய அமைதி’ என்பதே போதும். சகுனத்தை நம்பும் பாத்திரம் நாடகத்திற் பேசும்போது மட்டும் ‘தீநிமித்தம்’ இடம் பெறலாம்.

இதனோடு ஒருங்கு வைக்கப்படும் ‘போர்ட்டென்டஸ்’ என்னும் சொல்லில் இன்னும் விழிப்பு வேண்டும். அதுவும் உற்பாதத்தைக் குறித்த சொல்லே. ஆனால், ஒருவருடைய பேச்சு ‘போர்ட்டென்டஸ்’ ஆக இருந்தது என்று விமரிசகர் எழுதினால், அவர் பெரும்பாலும் ஆபத்தைச் சொல்லவில்லை. பேசியவர் வெறும் ஆடம்பரமாகப் பேசினார் என்று இகழ்கின்றார்.