சார்லட்டும் ராலியும்: குடிபெயர்வோர் நோக்கில் ஓர் ஒப்பீடு



இரு நகரங்களை அருகருகே வைத்து நோக்குவது தமிழுக்குப் புதிதன்று. வணிகப் பட்டினமாகிய புகாரைப் பாடப் பட்டினப்பாலையும், அரசிருக்கையாகிய மதுரையைப் பாட மதுரைக்காஞ்சியும் பத்துப்பாட்டில் உள்ளன. முன்னதை விட்டுப் பின்னதற்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை சிலப்பதிகாரம். பொருளிழந்த கோவலன் பிழைப்பை எண்ணியே மதுரைக்கு நடந்தான். அந்நகரில் நீதி எவ்வாறு வழங்கப்படுகிறது என்று விசாரித்துக்கொண்டு போனவன் அல்லன். குடிபெயர்வோரில் பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான். சம்பளத்தையும் வீட்டு விலையையும் கணக்கிடுவர். ஊரின் இயல்பைப் போன பின்பே அறிவர்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள வட கரோலினா மாநிலத்திலும் ஒரு வணிக நகரும் ஒரு தலைநகரும் போட்டியிட்டு வளர்கின்றன. வணிக நகர் சார்லட், தலைநகர் ராலி. நியூ ஜெர்சியின் வரியும் கலிபோர்னியாவின் வீட்டு விலையும் தாங்காமல் தெற்கு நோக்கும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இவ்விரு பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவு. ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். மாநிலம் ஒன்றாதலால் மாநில வருமான வரியில் வேறுபாடு இல்லை. மண்ணும் ஒன்றே. மலைக்கும் கடலோரச் சமவெளிக்கும் இடைப்பட்ட பீட்மாண்ட் மேட்டுநிலத்தின் செம்மண், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்தவருக்கு முதல் நாளே பழகிய நிறமாகத் தோன்றும். 1990இல் சார்லட்டின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. 2020 கணக்கெடுப்பில் அது 8,74,579. ராலி அதே காலத்தில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலிருந்து 4,67,665 ஆயிற்று. இரண்டும் முப்பதாண்டில் இரு மடங்குக்கு மேல் பெருத்தவை. ஆனால் பெருத்த காரணங்கள் வேறு. குடியேறுபவர் முதலில் அறிய வேண்டியது அதைத்தான்.

சார்லட்டின் கதை பொன்னில் தொடங்குகிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் அரசியின் பெயரால் 1768இல் நகராட்சியுரிமை பெற்ற இவ்வூர் நெடுங்காலம் ஒரு நாற்சந்தியாகவே இருந்தது. 1799இல் அருகிலுள்ள கபாரஸ் மாவட்டத்தில் கான்ராட் ரீட் என்னும் சிறுவன் ஓடையில் ஒரு மஞ்சள் கல்லைக் கண்டெடுத்தான். எடை பதினேழு பவுண்டு. அது பொன் என்று அறியாத குடும்பம் மூன்றாண்டுகள் அதைக் கதவுக்கு முட்டுக்கல்லாக வைத்திருந்தது. பிறகு நகை வணிகர் ஒருவரிடம் மூன்றரை டாலருக்கு விற்றுவிட்டது. உண்மை விலை அதன் ஆயிரம் மடங்கு. சுரங்கங்கள் பெருகியதால் கூட்டாட்சி அரசு 1837இல் சார்லட்டில் பொற்காசு அடிக்கும் அக்கசாலை ஒன்றைத் திறந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட 1861 வரை அது இயங்கியது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. பருத்தி ஆலைகள் வந்தன. ஆலைகளுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் வந்தன.

வங்கிகள் இங்கே ஏன் பூதாகாரமாக வளர்ந்தன என்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பல மாநிலங்கள் ஒரு வங்கி ஊர் தோறும் கிளை திறப்பதைத் தடுத்து வைத்திருந்த காலத்தில், வட கரோலினா அதை அனுமதித்தது. ஆகவே அண்டை மாநில வங்கிகள் ஓரூர்க் கடைகளாக நின்றபோது, சார்லட் வங்கிகள் பல கிளைகளை ஆளும் பழக்கத்தைப் பெற்றிருந்தன. 1980களில் மாநில எல்லைகள் திறந்ததும் அவை புளோரிடாவையும் டெக்சாஸையும் விழுங்கத் தொடங்கின. 1998இல் ஹியூ மெக்கோல் தலைமையிலான நேஷன்ஸ் பேங்க், கலிபோர்னியாவின் பழம்பெரும் பேங்க் ஆஃப் அமெரிக்காவையே வாங்கியது. வாங்கப்பட்டதன் பெயரைத் தானே சூட்டிக்கொண்டு தலைமையகத்தைச் சார்லட்டிலேயே வைத்துக்கொண்டது. நியூயார்க்குக்கு அடுத்த வங்கி நகர் என்னும் புகழ் இவ்வாறு வந்தது. அதே ஊரிலிருந்த வக்கோவியா வங்கி 2008இல் நிலைகுலைந்து வெல்ஸ் ஃபார்கோவின் கைக்குப் போனதும் நினைவில் கொள்ளத்தக்கது.

ராலியோ திட்டமிட்டுப் பிறந்த ஊர். தலைநகருக்கென்றே 1792இல் ஜோயல் லேன் என்பவரிடம் ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கி, சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள் வரைந்து எழுப்பினர். பெயர் தந்த வால்டர் ராலி வட கரோலினா மண்ணில் கால் வைத்தவரே அல்லர் என்பது ஒரு வேடிக்கை. நூற்றைம்பது ஆண்டுகள் அது அலுவலர்களும் பேராசிரியர்களும் வாழ்ந்த அமைதியான ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாநிலத்துக்கு ஒரு கவலை பிறந்தது. புகையிலை, நெசவு, மரச்சாமான் ஆகிய மூன்று தொழில்களும் மிகக் குறைந்த கூலி தந்தன. ராலி, டர்ஹாம், சேப்பல் ஹில் ஆகிய மூன்று ஊர்களின் பல்கலைக்கழகங்களில் படித்துத் தேறியவர்களோ வேலை தேடி வடக்கே போய்க்கொண்டிருந்தனர். இந்தக் கசிவை அடைக்க அம்மூன்று ஊர்களுக்கும் நடுவே பைன் மரக்காட்டில் 1959இல் ஆராய்ச்சி முக்கோணப் பூங்கா நிறுவப்பட்டது. முதல் சில ஆண்டுகள் அது பெரும்பாலும் காடாகவே இருந்தது. 1965இல் ஐபிஎம் வர இசைந்த பிறகே சூடு பிடித்தது. இன்று உலகெங்கும் கடைகளில் ஒளிக்கருவி படிக்கும் பட்டைக் குறியீட்டை வடிவமைத்தவர்கள் அங்கிருந்த ஐபிஎம் பொறியாளர்களே. எய்ட்ஸ் நோய்க்கு 1987இல் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற மருந்தும் அப்பூங்காவிலிருந்த நிறுவனத்தினுடையது.

இவ்வரலாறு குடியேறும் தமிழருக்கு எதற்கு என்னும் வினா எழலாம். விசாவில் பணிபுரிபவருக்கு அது வாழ்வா தாழ்வா என்னும் செய்தி. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையிழந்தால், 2017 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வேறு முதலாளியைத் தேட அறுபது நாள்வரைதான் அவகாசம். இந்தியாவில் பிறந்தோருக்கு நிரந்தரக் குடியுரிமைக் காத்திருப்பு பல்லாண்டுகள் நீள்வதால், ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவம் முழுவதும் இக்கத்தி தலைமேல் தொங்கக்கூடும். ஆகவே, ‘எந்த ஊரில் சம்பளம் அதிகம்?’ என்பதைவிட, ‘வேலை போனால் வீட்டை விற்காமல், பிள்ளையின் பள்ளியை மாற்றாமல் இரண்டாவது வேலை கிடைக்கும் ஊர் எது?’ என்பதே சரியான கேள்வி. சார்லட்டில் மின்னாற்றல் நிறுவனமும் பிறவும் உண்டெனினும், மென்பொருளாளரில் மிகப் பலர் வங்கிகளையே நேராகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ நம்பியிருக்கின்றனர். வங்கிகளுக்குச் சளி பிடித்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும். ராலிப் பக்கம் மருந்து, மென்பொருள், பல்கலைக்கழகம், மாநில அரசு எனக் கால்கள் பல. ஆனால் அதையும் அசையாத மலை என்று நம்புவதற்கில்லை. 2025இல் கூட்டாட்சி அரசு ஆராய்ச்சிக்கும் அயல்நாட்டு உதவிக்கும் தரும் நிதியைக் குறைத்தபோது, முக்கோணப் பகுதியின் ஆய்வு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பின. இருந்தும், கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு துறையில் பணிபுரியும் குடும்பத்துக்கு ராலியே பாதுகாப்பானது என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்தது பள்ளி. இதில் இரு நகரங்களின் வரலாறும் படிக்கப் படிக்க வியப்பூட்டுவது.

கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின்னும் சார்லட்டில் பெரும்பாலும் பிரிந்தே படித்தனர். 1964இல் டேரியஸ் ஸ்வான் என்னும் கறுப்பினப் பேராசிரியர் குடும்பத்துடன் அவ்வூருக்குத் திரும்பினார். அவர் திரும்பியது இந்தியாவிலிருந்து. அங்கே கிறித்தவ இறைப்பணியாளராக இருந்தவர். இனவாரிப் பள்ளி என்பதையே அறியாமல் இந்தியாவில் வளர்ந்த அவருடைய ஆறு வயது மகனுக்கு, வீட்டருகே இரு இனத்தவரும் படித்த பள்ளியில் இடம் மறுக்கப்பட்டது. வழக்குத் தொடர்ந்தார். வழக்கை நடத்திய வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸின் வீட்டில் 1965இல் குண்டு வீசப்பட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பேருந்தில் பிள்ளைகளை ஊரின் மறுமுனைக்கு அனுப்பியேனும் பள்ளிகளைக் கலக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நாடெங்கும் எடுத்தாளப்பட்ட தீர்ப்பு அது. முதலில் கொதித்த சார்லட், நாளடைவில் அதைத் தன் பெருமையாகவே கொண்டது. 1984இல் தேர்தல் பேச்சுக்கு வந்த ரீகன் பேருந்துத் திட்டத்தைப் பழித்தபோது, கைதட்டலுக்குப் பதில் மௌனமே கிடைத்தது. ஆயினும் 1990களில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அப்பழைய போராட்டம் நினைவில் இல்லை. வெள்ளையினப் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1999இல் தீர்ப்பு மாறியது. 2002 முதல் வீட்டருகுப் பள்ளி முறை வந்தது. பள்ளிகள் மீண்டும் பிரிந்தன. ஒரு நகரின் மனச்சாட்சியைக் குடிவந்தோர் அறியாமலே மாற்றிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

ராலி வேறு வழி சென்றது. நகரப் பள்ளிகளையும் சுற்றியுள்ள வேக் மாவட்டப் பள்ளிகளையும், எதிர்ப்பு வலுவாக இருந்தபோதும், 1976இல் ஒரே நிருவாகத்தின்கீழ் இணைத்தனர். 2000இல் இனத்துக்குப் பதிலாக வறுமையை அளவுகோலாக்கி, எந்தப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குவியாதவாறு பார்த்துக்கொள்ள முயன்றனர். 2009 தேர்தலில் வந்த புதிய பள்ளிக் குழு அதையும் கைவிட்டது. இருப்பினும் நெடுங்காலக் கலப்பின் பயன் முற்றும் அழியவில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளை வளர்ந்து மேலேறும் வாய்ப்பு எந்த ஊரில் எவ்வளவு என்று, டெல்லியில் பிறந்த பொருளியலறிஞர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் 2014இல் ஆய்ந்து வெளியிட்டனர். நாட்டின் ஐம்பது பெரிய நகர்ப்பகுதிகளில் சார்லட் ஐம்பதாவது. வருவாய்த் தட்டின் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த பிள்ளை உச்சத் தட்டை எட்டும் வாய்ப்பு அங்கே 4.4 விழுக்காடே. மாடமாளிகைகள் எழுந்த அதே ஊரில்! நகரத்தார் வெட்கினர், குழு அமைத்தனர், 2017இல் அறிக்கை வந்தது, 2024இல் வெளிவந்த பின்தொடர் ஆய்வு ஓரளவு முன்னேற்றத்தைக் காட்டியது. ஆனால் ராலியைப் புகழ்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே பட்டியலில் ராலியும் கடைசிப் பத்துக்குள்தான் நின்றது. படித்துவிட்டு வரும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு இக்கணக்கு நேரே பொருந்தாது. தெருவில் உடன் வாழ்வோருக்குப் பொருந்தும்.

மற்றவற்றை விரைந்து கூறலாம். சார்லட்டில் 2007 முதல் நகர ரயில் ஓடுகிறது. 2018இல் பல்கலைக்கழகம் வரை நீண்டது. முக்கோணப் பகுதியில் டர்ஹாமுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் இடையே திட்டமிட்ட ரயில் 2019இல் கைவிடப்பட்டது. கார் இல்லாமல் ராலியில் பால் வாங்கவும் போக முடியாது. சார்லட்டிலும் பெரும்பாலான பகுதிகளில் அப்படியே. அடிக்கடி வெளியூர் பறப்பவருக்கு, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் பெரிய மையங்களுள் ஒன்றான சார்லட் விமான நிலையம் வசதி. மலை சார்லட்டுக்குப் பக்கம். கடல் ராலிக்குப் பக்கம். உள்நாடாதலால் புயல் வராது என்று எண்ண வேண்டா. 1989இல் ஹியூகோ சார்லட்டையும், 1996இல் ஃபிரான் ராலியையும் மரங்களோடு சாய்த்தன.

தமிழர் வாழ்வைப் பொறுத்தவரை ராலியின் புறநகர்களான கேரியும் மாரிஸ்வில்லும் முந்திக்கொண்டன. வேங்கடேசுவரர் கோயிலின் 87 அடிக் கோபுரம் 2022இல் திறக்கப்பட்டது. 2023இல் அமெரிக்காவின் முதல் மேஜர் லீக் கிரிக்கெட் ஆட்டங்களில் சில மாரிஸ்வில் நகராட்சிப் பூங்காவில் நடந்தன. கோயில் உண்டு, மட்டைப்பந்து உண்டு என்பதனால் ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை. வயதான பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள எண்ணுவோருக்கு அதுவே பெரிய காரணம்.

ராலியைத் தேர்ந்தவர் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்பது நன்று. கூட்டம் மிகுந்த பள்ளிகளுக்கு வேக் மாவட்டம் மாணவர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டெதிரே பள்ளி இருந்தும், புதிதாக வந்தவரின் பிள்ளை வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம். ஆதலால் அப்பள்ளிக்கு வரம்பு உண்டா என்பது முதற்கேள்வி. அம்மாவட்டத்தின் பல பள்ளிகள் ஆண்டு முழுவதும் நடக்கின்றன. ஒன்பது வாரம் வகுப்பு, மூன்று வாரம் விடுமுறை என்று சுழலும் அம்முறையில் நீண்ட கோடை விடுமுறை இல்லை. ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை இரண்டு மாதம் விட்டுவைக்கும் வழக்கமுள்ள குடும்பம், அப்பள்ளி எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்பதையும் கேட்டுக்கொண்டே முன்பணம் கட்ட வேண்டும்.