60 அலகுக்குள் நிற்போம்
(நிலாவெளி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது அதிகம் அடிபட்டது நம்மைப் போன்ற சிறு பாவனையாளர்களே. நாட்சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

கட்டண முறையில் ஒரு கோடு இருக்கிறது: மாதம் 60 அலகு. அதைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை. நிலையான கட்டணமும் உயரும்.

ஆகவே நாளுக்கு 2 அலகு என்று கணக்கு வைப்போம். ஞாயிறுதோறும் மின்மானியைப் பார்த்து எழுதுவோம். வாரத்துக்கு 14ஐத் தாண்டினால் மாதம் முடியுமுன்பே தெரிந்துவிடும்.

60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட் எல்.ஈ.டி. பல்பு என்றால் 1.35 அலகுதான். 75 வாட் மின்விசிறி தினமும் 10 மணி நேரம் சுழன்றால் 22.5 அலகு. நிலாவெளிப் புழுக்கத்தில் தூங்கும் பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும். ஆளில்லாத அறைக்கு வேண்டாம். உடுப்புகளைச் சேர்த்துவைத்து வாரத்தில் ஒருநாள் அயன் பண்ணுவோம்.

சிக்கனம் நம் கையில். கட்டணம் நம் கையில் இல்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும்போது சங்கமாகப் பேசுவோம். மின்பட்டியல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அவையே நம் சாட்சி.