துயரைத் தனியே சுமக்க வேண்டா



கல்வியே நம் விடுதலை என்று 25 ஆண்டுகள் உழைத்தோம். 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் அனிதாவை 2017இல் இழந்தோம். அநீதியை எதிர்ப்பது நம் கடமை. அதனால் மனம் புண்பட்டோரைத் தனியே விடாதிருப்பதும் நம் கடமையே.

“இனி வாழ்ந்து பயனில்லை” என்று ஒருவர் சொன்னால், “சாகத் தோன்றுகிறதா?” என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. மறைத்த சுமையை இறக்கவே வழி பிறக்கிறது. அறிவுரையை நிறுத்திச் செவிகொடுங்கள். ஆபத்தான பொருள்களை அகற்றி, உடனிருங்கள்.

அவ்வெண்ணம் எழுவோர், மனம் தெளிந்த வேளையில் ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று: துயர் பெருகும் அறிகுறிகள் யாவை? மனத்தை ஆற்றுபவை யாவை? யாரை அழைப்பது? கொடிய வேளை அலைபோல் எழுந்து தணியும். அதைக் கடக்க அத்தாள் துணைசெய்யும்.

சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சிநேகா’, துயருற்றோர்க்குச் செவிகொடுத்து வருகிறது. 2022இல் தொடங்கிய நடுவண் அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தேர்வில் தோற்றவரும் அவமதிக்கப்பட்டவரும் அஞ்சாது பேசும் இடமாக நம் சங்கம் விளங்கட்டும். உதவி கேட்பது இழிவன்று, உரிமை.