கைபேசியில் வால்வெள்ளி

2024 ஒக்டோபர் நடுப்பகுதியில், பொழுது சாய்ந்த கையோடு மேற்கு வானில் ஒரு வால்வெள்ளி தெரிந்தது. பெயர் சுச்சின்ஷான்-அட்லஸ். 12ஆம் திகதி அது பூமிக்கு மிக அருகில் வந்தது. அருகில் என்றால் சுமார் 7 கோடி கிலோமீற்றர்!

அடுத்தது வரும்போது உடப்புசல்லாவை தேயிலை மலையில் நின்றே தேடிப் பிடிக்கலாம். ஸ்டெல்லேரியம் போன்ற செயலியில் வால்வெள்ளியின் பெயரைத் தட்டுங்கள். இருக்கும் இடம், நேரம், திசை மூன்றையும் போன் அறிந்து, அது வானில் எங்கே என்று கணக்கிட்டுக் காட்டும்.

ஆனால் செயலிக்குக் கண் கிடையாது. எதிர்மலை மறைத்தாலும், பனிமூட்டம் மூடினாலும் திரையில் வால்வெள்ளி மின்னும். ஆகவே முதலில் உயரத்தைப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எதிர்மலை ஒரு முஷ்டி உயரம், வால்வெள்ளியும் 10 பாகையில் என்றால், இன்னும் மேட்டுக்கு ஏறத்தான் வேண்டும்.

லயத்துத் தகரக் கூரையை ஒட்டி நிற்காதீர்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் போனின் திசைகாட்டி தடுமாறும். திரையைச் சிவப்பு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும்; வெள்ளைத் திரை அதைக் கெடுத்துவிடும். புதிய வால்வெள்ளி என்றால் செயலியைப் புதுப்பித்துவிட்டுத் தேடுங்கள்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், செயலியில் 2061 ஜூலையைப் போட்டு அப்போது திரும்பி வரும் ஹேலி வால்வெள்ளியைத் தேடச் சொல்லுங்கள். அதை நேரில் பார்க்கப்போவது அவர்கள்தான்.