இரு வழியால் வந்த ஓர் எண்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

களுதாவளைப் பிள்ளைகளுக்கு வெற்றிலை எண்ணச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு வெற்றிலையை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நாலும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நாலும் தனித்தனியாக. ஆக, ஐந்து விதம். பத்து வெற்றிலைக்கு 42 விதம். நூறுக்கு 190,569,292. இருநூறுக்கோ 3,972,999,029,388! வாயால் சொல்வதானால் மூன்று இலட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடிக்கும் மேல்.

இந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 78. ஆகவே மூன்றால் வகுபடும். கடைசி இரு இலக்கம் 88. ஆகவே நாலாலும் வகுபடும். ஆனபடியால் பன்னிரண்டாலும் மிச்சமின்றி வகுபடும். தங்கைமார் வீட்டுக்குப் போய் வகுத்துப் பாருங்கள்.

இதை முதலில் கண்டவர் மக்மஹோன் என்ற ஆங்கிலேயர். முந்திய எண்களைக் கூட்டியும் கழித்தும் ஒன்று முதல் இருநூறு வரை கையாலேயே கணக்கிட்டார். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டியும் முற்றிலும் வேறொரு சூத்திரத்தை 1918இல் வெளியிட்டார்கள். அதில் எட்டு உறுப்புகளை மட்டும் கூட்டியபோது வந்த விடை 3,972,999,029,388.004. அருகிலுள்ள முழு எண் மக்மஹோனின் எண்ணேதான். மக்மஹோனின் அட்டவணையைப் பார்த்த இராமானுஜன் இன்னொன்றையும் கண்டார்: 4, 9, 14, 19 என ஐந்தைந்தாகக் கூடும் எண்களுக்கு வரும் 5, 30, 135, 490 எல்லாமே ஐந்தால் வகுபடுகின்றன. அது எப்போதும் அப்படித்தான் என்று நிறுவியும் காட்டினார்.

எங்கள் கணித ரீச்சர் சொல்வார்: "விடை வந்தாப் போதாது மகள், வேற வழியாலயும் செய்து பார்." அப்போது எங்களுக்கு அது ஒரு தொல்லை.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, ஒரு குழந்தைக்கு மருந்து எழுதும்போது தசமப் புள்ளியை இடம்மாற்றிப் போட்டுவிட்டேன். அளவு பத்து மடங்காகிவிட்டது. கடமையில் இருந்த தாதி, குழந்தையின் நிறையை வைத்துத் தானும் கணக்குப் பார்த்தார். "டொக்டர், இது கூடவா இருக்கு" என்றார். மருந்து ஏற்றப்படவில்லை. பிள்ளை சுகமாக வீட்டுக்குப் போனது. எனக்கு அன்றிரவு கை நடுங்கியது நிற்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வோர் அளவையும் இரு வழியால் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர் "பிழை" என்றால் கோபிக்காமல் திரும்பக் கணக்குப் போடுகிறேன்.

தங்கைமாரே, கணிதம் உங்களுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெற்றிலை எண்ணத் தெரிந்தவளுக்கு அது வரும். என்னை இப்படிச் சரிபார்க்கப் பழக்கிய பாடசாலைத் தாய்க்கு என் வணக்கம்.