குளிர் காலையில் எழ மறுக்கும் டீசல் கார்

நம் ஊரில் நாம் மார்கழிக் குளிர் என்று சொல்வதெல்லாம் ஒரு போர்வைக்கு அடங்கும் குளிர். குளிர் மனிதரை மட்டுமன்றி இயந்திரத்தையும் முடக்க வல்லது என்பதைச் சிம்லாவில் குடியேறிய பின்னரே யாங்கள் உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி விடியலில், எங்கள் இல்லத்து மூத்தவரான அத்தைக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. மருத்துவமனைக்குப் புறப்படப் பழைய டீசல் காரின் சாவியைத் திருப்பினோம். செல்ஃப் மோட்டார் சுழன்றது. பின்புறம் வெண்புகை கிளம்பிற்று. என்ஜின் மட்டும் எழவில்லை. அண்டை வீட்டுப் பஞ்சாபி அன்பர் தம் ஜீப்பில் ஏற்றிச் சென்றமையால் அத்தை நலமுற்றார். அண்டையார் ஊரில் இல்லாதிருந்தால் என் செய்திருப்போம்? அந்த எண்ணமே இவ்வாராய்ச்சியில் எங்களை இறக்கியது.

ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய என்ஜினில் மின்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்க, அக்காற்று 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே வெப்பமே டீசல் என்ஜினின் உயிர். குளிர்ந்த இரும்பு அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. அக்குறையை ஈடுசெய்யவே ஹீட்டர் பிளக்குகள் அமைந்துள்ளன.

நோயறிய முதற்கண் புகையைப் பார்க்க வேண்டும். என்ஜினைச் சுழற்றும்போது வெண்புகை வந்தால், டீசல் உள்ளே செல்கிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். புகையே இல்லையெனில், பெரும்பாலும் டீசல் போய்ச் சேரவில்லை எனக் கொள்ளலாம்.

அடுத்து, சுழலும் வேகம். மந்தமாகச் சுழன்றால் காற்று போதிய அளவு சூடாகாது. ஓய்விலுள்ள நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், சுழற்றும்போது 9.6-க்குக் கீழே வீழ்ந்தால் பாட்டரியை ஐயுறலாம். பாட்டரி நன்றாயிருந்தும் மந்தமெனில், முனைகளிலும், என்ஜினை உடலோடு இணைக்கும் எர்த் பட்டையிலும் துரு உள்ளதா எனக் காண்க. தடித்த என்ஜின் ஆயிலும் காலைக் குளிரில் சுழற்சிக்குத் தடையாகும்.

மூன்றாவது, ஹீட்டர் பிளக். முகப்பிலுள்ள விளக்கு எரிவது பிளக் சுடுகிறது என்பதற்குச் சான்று அன்று. பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிடிவிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைக்க வேண்டும். விளக்கு எரிந்தால் உள்ளிருக்கும் கம்பி அறவில்லை. எரியாவிடில் பிளக் மாண்டது. எல்லாம் நன்றெனில், தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, டீசல் வழி. இரவில் எங்கேனும் காற்று புகுந்தால், குழாயிலுள்ள டீசல் தொட்டிக்கே திரும்பிவிடும். காலையில் கைப்பம்பை அழுத்திய பின் என்ஜின் எளிதில் எழுமாயின் கசிவைத் தேடுக. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் கடுங்குளிர் மலைக்கு ஏறினால், அதிலுள்ள மெழுகு திரண்டு பில்டரை அடைப்பதும் உண்டு. மைனஸ் 30 டிகிரிவரை குளிரும் லடாக்கிற்கென, மைனஸ் 33 டிகிரிவரை உறையாத டீசல் 2019-இல் விற்பனைக்கு வந்தது இக்காரணம் பற்றியே.

இவை யாவும் செம்மையாயிருந்தும் எழாவிடில்தான், சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தை அளந்து, ரிங்குகளும் வால்வுகளும் தேய்ந்தனவா என ஆராய வேண்டும்.

எங்கள் காரைப் பார்த்த மெக்கானிக், "ரிங்குகள் போயின, என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார். பாட்டரியும் புதிதாக வாங்கச் சொன்னார், வாங்கினோம், பயனில்லை. பின்னர் நாங்களே சோதனை விளக்கை எடுத்தோம். நான்கு பிளக்குகளில் மூன்று மாண்டிருந்தன! அவற்றை மாற்றியதும் மறுநாள் உறைபனிக் காலையில் என்ஜின் எழுந்தது. செலவு சிறிது, பெரிய செலவுக்கு நாங்கள் தலையாட்டாததே நலமாயிற்று.

சில எச்சரிக்கைகள். அவசரத்தில் ஈதர் தெளிப்பானை உட்செலுத்தாதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் பட்டு அது வெடித்துப் பிஸ்டனையே உடைக்கக்கூடும். வண்டிக்கு அடியில் தீ மூட்டும் பழக்கம் உயிருக்கே கேடு. மலைச்சரிவில் உருட்டி எழுப்பவும் துணிய வேண்டா. என்ஜின் ஓடாதபோது பிரேக்கிற்குரிய வெற்றிடத் துணை கிட்டாது. ஒரு தடவையில் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். எழுந்த என்ஜினை மூடிய கொட்டகைக்குள் ஓடவிடாதீர்கள். அதன் நச்சுப்புகை உறங்குவோரையும் கொல்லும்.

அயலூரில் வாழும் நமக்கு உற்றார் அருகில் இல்லை. நள்ளிரவில் அழைக்கத்தக்க துணைகளுள் வாசலில் நிற்கும் வண்டியும் ஒன்று. கார்த்திகை விளக்கேற்றும் நாட்களிலேயே, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி அதனைச் சோதித்துவிடுங்கள். அண்டை வீட்டாரின் நட்பையும் அவ்வாறே பேணுங்கள். எந்த என்ஜினும் எழாத விடியலில் எங்களுக்கு உதவியது அதுவே.