அழித்துவிட்ட ஒரு ரீடிங்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு பழைய திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் மேடை ஏறியிருக்கிறேன். மூன்றாம் ஆண்டில் காற்றுச் சுரங்கத்தில் ஒரு மரப்பந்தை வைத்து இழுவையை அளந்தோம். பெயிண்ட் உரிந்த பந்து. வேகத்தைக் கூட்டக் கூட்ட இழுவையும் கூடியது. கடைசி ரீடிங்கில் மட்டும் சட்டென்று இறங்கிவிட்டது. "டேய், பேலன்ஸ் ரிப்பேர்டா!" என்றான் கூட்டாளி. நான் ரப்பரை எடுத்து அழித்தேன். புத்தகத்து வளைவுக்குத் தோதாக ஒரு எண்ணைப் போட்டேன். சாரும் கையெழுத்துப் போட்டார். பத்துக்குப் பத்து!

பல வருஷம் கழித்துத்தான் ஒரு கதை படித்தேன். 1912-ல், எண்பது வயதை நெருங்கிய எய்ஃபெல் (ஆமாம், கோபுரம் கட்டியவரேதான்) பாரிசில் கோளங்களின் இழுவையை அளந்தார். ஜெர்மனியில் கேட்டிங்கன் நகரில் பிராண்டல் குழுவினர் கண்ட மதிப்பில் அது பாதிகூட இல்லை. 'பெரியவர் இரண்டால் பெருக்க மறந்துவிட்டார்' என்று அங்கே பேச்சு எழுந்ததாம். எய்ஃபெல் எண்ணை மாற்றவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி அளந்தார். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் இழுவைக் கெழு சடாரென்று விழுவதைக் காட்டினார். இரு தரப்பு அளவும் சரிதான்!

காரணம் இதுதான். பந்தின் முன்னால் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. பின்பக்கம் போகும்போது, பந்தை ஒட்டிய மெல்லிய எல்லைப் படலம் களைத்துப்போய்ப் பிய்த்துக்கொள்கிறது. பின்னால் சுழல் நிறைந்த, அழுத்தம் குறைந்த ஒரு வால் உண்டாகிறது. இந்த முன்பின் வித்தியாசமே அழுத்த இழுவை. படலம் கொந்தளித்தால் வெளிக்காற்றின் வேகத்தை உள்ளே கலந்துகொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் பந்தை ஒட்டியே போகும். வால் சிறுக்கும், இழுவை குறையும். 1914-ல் பிராண்டல் கோளத்தின்மேல் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை மாட்டி, குறைந்த வேகத்திலேயே இதை நடத்திக் காட்டினார். தடங்கல் வைத்தால் தடை குறைகிறது! கோல்ஃப் பந்தின் குழிகள் செய்வதும் இதைத்தான். எங்கள் பந்தின் உரிந்த பெயிண்டும் அதையே செய்திருக்க வேண்டும்.

ஆக, எய்ஃபெல் கண்டதை நானும் கண்டேன். அவர் எழுதி வைத்தார், நான் அழித்துவிட்டேன்.

மாணவச் செல்வங்களே, ஒத்துவராத எண் வந்தால் கருவியைச் சோதியுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். அப்புறமும் அதுவே வந்தால் அப்படியே எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அப்படி எழுதும் பிள்ளைக்கு தயவுசெய்து மார்க்கைக் குறைக்காதீர்கள்.